கேபிளைப் பிடுங்கினால் இருக்கும், கட்டளை கொடுத்தால் போய்விடும்

இரவு பதினொன்றரை மணி. ஒரு சர்வரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டின் பெயரை மாற்ற உட்கார்ந்தேன். ஈத்1 என்று இருந்ததை, பார்த்தவுடனே புரிகிற மாதிரி பேக்கப்0 என்று வைக்கலாம் என்று ஓர் ஆசை. அந்த மெஷினில் பெயர் மாற வேண்டுமானால் இன்டர்ஃபேஸ் (சிஸ்டத்தின் கண்ணில் அந்தக் கார்டு) டவுனில், அதாவது அணைத்த நிலையில், இருக்க வேண்டும். டவுன் செய்தேன், பெயரை மாற்றினேன், அப் செய்தேன். மொத்தமே இரண்டு விநாடி. அந்தப் பக்கத்துக் கேட்வேக்கு (வேறு நெட்வொர்க்குகளுக்குப் போகும் வாசல்) 'இருக்கிறாயா' என்று ஒரு பிங் அடித்தேன், பதில் வந்தது. சரி, முடிந்தது என்று படுக்கப் போய்விட்டேன்.

காலையில் பார்த்தால் இரவு பேக்கப் ஓடவே இல்லை. லாகில் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று வரிசையாக இருபது வரி. பேக்கப் சர்வர் இருப்பது கேட்வேக்கு அப்பால், வேறொரு நெட்வொர்க்கில். என் கார்டின் முகவரி 192.0.2.2, கேட்வே 192.0.2.1, பேக்கப் சர்வர் இருக்கும் நெட்வொர்க் 198.51.100.0/24 (198.51.100 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். (எல்லாம் ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கிய எண்கள், உண்மையானவற்றை இங்கே எழுதப்போவதில்லை.) 'அந்த நெட்வொர்க்குக்குப் போக 192.0.2.1 வழியாகப் போ' என்று ஒரு ஸ்டாட்டிக் ரூட் ஒரு வருடத்துக்கு முன் நானே கையால் போட்டது. எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று குறித்து வைத்திருக்கும் ரூட்டிங் டேபிளைத் திறந்தால் அந்த வரியைக் காணோம்.

முதலில் பெயர் மாற்றத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன். பழைய பெயரில் இருந்த ரூட் புதிய பெயருக்கு வரவில்லை போலிருக்கிறது என்று. அது தப்பு. லினக்ஸ் கெர்னலில் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ரூட்டுக்கு இன்டர்ஃபேஸின் பெயர் தெரியாது, அதன் எண்தான் தெரியும். பெயரை எத்தனை முறை மாற்றினாலும் எண் அதேதான். ரூட்டைக் கொன்றது பெயர் இல்லை, அந்த இரண்டு விநாடி டவுன்.

என்னை உண்மையில் குழப்பியது வேறு. அதே கார்டின் கேபிளை அதற்கு முன் நாலைந்து முறையாவது பிடுங்கியிருக்கிறேன். ரேக்கில் இடம் மாற்றும்போது ஒரு தடவை அரை மணி நேரம் கேபிள் வெளியிலேயே தொங்கியது. திரும்பச் செருகியதும் எல்லாம் பழையபடி ஓடியது. அரை மணி நேரம் கேபிள் இல்லாமல் பிழைத்த ரூட், இரண்டு விநாடி கட்டளையில் செத்துப்போனது எப்படி?

இதைக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். லினக்ஸில் இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே மெஷினுக்குள் தனித்தனி நெட்வொர்க் அறைகள்) உருவாக்கி, நடுவில் ஒரு வீத் ஜோடியைப் போடுங்கள். வீத் என்பது இரண்டு முனையுள்ள பொய்க் கேபிள். ஒரு முனையை டவுன் செய்தால் மறுமுனைக்கு கேபிள் பிடுங்கியது போலவே தெரியும். இந்த முனையில் 192.0.2.2, அந்த முனையில் 192.0.2.1, மேலே சொன்ன ஸ்டாட்டிக் ரூட். இந்த முனையில் டேபிளைப் பார்த்தால் இரண்டு வரி. நேரடியாக இணைந்திருப்பதால் தானாக வந்த 192.0.2.0/24 என்ற கனெக்டட் ரூட் ஒன்று, நாம் போட்ட ரூட் ஒன்று.

இப்போது அந்த முனையை டவுன் செய்யுங்கள். இந்த முனையில் 'நோ-கேரியர்' (கேபிளில் சிக்னல் இல்லை) என்று வரும், ஆனால் இன்டர்ஃபேஸின் கொடிகளில் 'அப்' அப்படியே இருக்கும். ரூட்டிங் டேபிளில் இரண்டு வரியும் இருக்கும்; ஒவ்வொன்றின் வாலிலும் 'லிங்க்டவுன்' என்ற ஒரு சொல் புதிதாக ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். அந்த முனையை அப் செய்தால் அந்தச் சொல் உதிர்ந்துவிடும், பிங் ஓடும்.

அடுத்து இந்த முனையையே டவுன் செய்யுங்கள். டேபிள் காலி, இரண்டு வரியும் போச்சு. மறுபடி அப் செய்தால் 192.0.2.0/24 தானாகத் திரும்பி வரும். ஸ்டாட்டிக் ரூட் வராது. எத்தனை நேரம் காத்திருந்தாலும் வராது.

கெர்னல் இங்கே இரண்டு வெவ்வேறு செய்திகளைக் கேட்கிறது. கேபிள் போனால் அது வெளியில் நடந்த விபத்து. எந்த நொடியும் திரும்பி வரலாம், அதனால் வரியில் ஒரு அடையாளம் மட்டும் போட்டு வைக்கிறது. டவுன் என்பது நீங்களே கொடுத்த உத்தரவு. இந்த இன்டர்ஃபேஸை நான் பயன்படுத்தப் போவதில்லை என்று நீங்கள் சொன்னதாக எடுத்துக்கொண்டு, அதைச் சார்ந்த வரிகளை அழித்துவிடுகிறது. திரும்ப அப் செய்யும்போது கனெக்டட் ரூட் வருவதற்குக் காரணம், அதைக் கணக்குப் போட்டு உருவாக்கிவிட முடியும் என்பதுதான். ஐபிவி4 முகவரி (இதுவரை பார்த்த நான்கு எண் வகை) டவுனிலும் இன்டர்ஃபேஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், 192.0.2.2/24 என்பதிலிருந்து 192.0.2.0/24 என்று எழுதிக்கொள்ள யாரையும் கேட்க வேண்டாம். நீங்கள் போட்ட ரூட்டை எதிலிருந்து கணக்கிடுவது? அது உங்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. அழித்த வரிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பழக்கம் கெர்னலுக்குக் கிடையாது.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் இன்னும் ஒரு படி மேல். டவுன் செய்தால் ரூட் மட்டுமில்லை, கையால் கொடுத்த முகவரியும் சேர்ந்து போய்விடும். அது கூடாதென்றால் 'கீப் அட்ரஸ் ஆன் டவுன்' என்ற சிஸ்கன்ட்ரோல் (கெர்னலின் நடத்தையை மாற்றும்) அமைப்பை இயக்க வேண்டும். 4.6 கெர்னலில்தான் அது வந்தது. ஒரே கெர்னல், ஒரே கார்டு, ஒரே கட்டளை; ஐபிவி4-க்கு ஒரு நியாயம், ஐபிவி6-க்கு வேறு நியாயம்.

எனக்கு எரிச்சலூட்டிய இன்னொரு விஷயம். ரூட் மாற்றங்களைக் கவனிக்க 'ஐபி மானிட்டர்' என்று ஒரு கட்டளை உண்டு. டேபிளில் ஒரு வரி வந்தாலும் போனாலும் திரையில் எழுதும். அதை ஒரு ஜன்னலில் ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் இன்டர்ஃபேஸை டவுன் செய்தேன். இன்டர்ஃபேஸ் டவுன் ஆனது என்று வந்தது. ஐபிவி4 ரூட் அழிந்தது என்று ஒரு வரிகூட வரவில்லை. இன்டர்ஃபேஸே போய்விட்டது, அதிலிருந்தே புரிந்துகொள் என்பது கெர்னலின் எண்ணம். நான் வைத்திருந்த கண்காணிப்பு ஸ்கிரிப்ட் அழிப்புச் செய்திக்காகத்தான் காத்திருந்தது. அது வாயே திறக்காததில் ஆச்சரியமில்லை.

சரி, அப்படியானால் கேபிள் போகும்போது ரூட் தங்குவது நல்லதுதானே? அங்கேதான் அடுத்த சிக்கல். லிங்க்டவுன் என்று எழுதியிருந்தாலும், இயல்பு நிலையில் கெர்னல் அந்த ரூட்டைத்தான் தேர்ந்தெடுக்கும். ஒரே இடத்துக்கு இரண்டு ரூட் வைத்திருக்கிறீர்கள். ஒன்றுக்கு மெட்ரிக் (சிறிய எண்ணுக்கே முன்னுரிமை) 100, மற்றதற்கு 200. முதல் கேபிள் போனால் இரண்டாவதுக்குத் தாவும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். தாவாது. 100 இன்னும் டேபிளில் இருக்கிறது, அதுதான் சிறியது, அதனால் பாக்கெட் எல்லாம் கேபிள் இல்லாத கார்டுக்கே போய் விழும். மாற்றுவழி பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். 2015-இல் வந்த 4.2 கெர்னலில்தான் இதற்கு ஒரு திருகாணி கிடைத்தது: 'இக்னோர் ரூட்ஸ் வித் லிங்க்டவுன்'. இன்டர்ஃபேஸுக்கு இன்டர்ஃபேஸ் அதை 1 என்று வைத்தால், கேபிள் போன வரியின் வாலில் 'டெட் லிங்க்டவுன்' என்று வரும், பாக்கெட் 200-க்குப் போகும். கேபிள் வந்தால் 100-க்குத் திரும்பும். இயல்பாக இது 0. இரண்டு கேபிள் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களில் எத்தனை பேர் இதை 1 ஆக்கியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இரண்டு கேட்வேயையும் ஒரே வரியில், மல்டிபாத் ரூட்டாகப் போட்டால் நடத்தை மறுபடி மாறும். இரண்டு கேட்வேயும் அந்த வரியின் இரண்டு கால்கள்; ஒரு காலின் கார்டை டவுன் செய்தால் அந்தக் கால் மட்டும் செத்ததாகக் குறிக்கப்படும், வரி நிற்கும். அப் செய்தால் அந்தக் கால் தானாக உயிர் பெறும். தனி வரியாக இருந்தால் போனது போனதுதான், இன்னொரு காலோடு சேர்ந்திருந்தால் மறுவாழ்வு.

இடையில் ஒரு சின்ன விஷயம். கேபிள் இல்லாத நிலையில் பேக்கப் சர்வரை இணைக்க முயன்றால் சில விநாடிகளில் 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று பிழை வரும். ரூட் இருக்கிறது! கேட்வேயின் மேக் முகவரி (கார்டின் வன்பொருள் எண்) கிடைக்கவில்லை, அதாவது அதைக் கேட்டறியும் ஏஆர்பி தோற்றது என்பதுதான் இங்கே அதன் பொருள். உண்மையிலேயே ரூட் இல்லாவிட்டால் வரும் செய்தி 'நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்'. ரூட் இருந்தால் ரூட் இல்லை என்கிறது, இல்லாவிட்டால் வேறெதையோ சொல்கிறது. இந்தப் பெயர்களை வைத்தவர்களை நேரில் பார்த்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

என் காலை லாகில் இந்த இரண்டுமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 'டைம்டு அவுட்' என்றுதான் இருந்தது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஒரு ரூட் அழிந்தால் பாக்கெட் நின்றுவிடும் என்று நாம் மனதில் வைத்திருக்கிறோம். நிற்காது. அந்த வரி இல்லாவிட்டால் கெர்னல் அடுத்த பொருத்தமான வரியைத் தேடும். கடைசியில், வேறெதுவும் பொருந்தாதபோது பயன்படும் டீஃபால்ட் ரூட் எப்போதும் வாயைத் திறந்து காத்துக்கொண்டிருக்கும். என் பேக்கப் பாக்கெட்டுகள் அன்றிரவு முழுக்க முதல் கார்டின் வழியாக, வெளியுலகத்தைப் பார்த்த ஃபயர்வாலுக்குப் போயிருக்கின்றன. ஃபயர்வால் பதில் சொல்லாமல் விழுங்கியிருக்கிறது. அது விழுங்கியதால் பிழைத்தேன். விட்டிருந்தால், உள் நெட்வொர்க்கில் மட்டுமே நடமாட வேண்டிய பாக்கெட் யாரோ ஒருவரின் ரூட்டரில் போய் நின்றிருக்கும். விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகக் குத்தும். விபிஎன்னின் டனல் இன்டர்ஃபேஸ் நீக்கப்பட்ட நொடியில் அதன் ரூட்டுகளும் போய்விடும். அலுவலக நெட்வொர்க்குக்கு என்று கிளம்பிய பாக்கெட் மறைகுறியாக்கம் ஏதுமில்லாமல் சாதாரண வழியில் வெளியே நடக்கும். பேசுகிற நிரலுக்கு இது தெரியவே தெரியாது.

ரூட் காணாமல் போனதை ஒரு வரி சேர்த்தால் சரி செய்துவிடலாம். காணாமல் போன நேரத்தில் பாக்கெட் எங்கே போயிற்று என்பதுதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி.

இதற்கு மருந்து மிகப் பழையது, மலிவானது. அதே 198.51.100.0/24-க்கு இன்னொரு ரூட் போடுங்கள். கேட்வே வேண்டாம், இன்டர்ஃபேஸ் வேண்டாம், வகை மட்டும் 'அன்ரீச்சபிள்', மெட்ரிக் 4000. உண்மையான ரூட் உயிரோடு இருக்கும்வரை இதை யாரும் சீண்ட மாட்டார்கள். அது போன கணத்தில் இது முன்னால் வரும். டீஃபால்ட் ரூட்டைவிட இதன் பொருத்தம் துல்லியமானது என்பதால் பாக்கெட் வெளியே கசியாது. இது எந்தக் கார்டையும் சார்ந்ததல்ல, அதனால் எந்தக் கார்டு டவுன் ஆனாலும் இது அழியாது. 'பிளாக்ஹோல்' என்ற வகையும் உண்டு. அது வழிப்போக்கரின் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் குப்பையில் போடும். 'அன்ரீச்சபிள்' போகிறவரிடம் வழியில்லை என்று ஐசிஎம்பி (பிழைச் செய்தி அனுப்பும் நெறிமுறை) மூலம் சொல்லி அனுப்பும். உள் நெட்வொர்க்குக்கு நான் இரண்டாவதைத்தான் போடுவேன். பொய்யாகக் காத்திருப்பதைவிட உடனே முகத்தில் அடித்தாற்போல் ஒரு பிழை வருவது மேல்.

மற்ற சிஸ்டங்கள் என்ன செய்கின்றன? ஓபன்பிஎஸ்டி எனக்குப் பிடித்த வேலையைச் செய்கிறது. அங்கே ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு: நேரடியாக இணைந்ததற்கு 4, ஸ்டாட்டிக்குக்கு 8, ஓஎஸ்பிஎஃப் சொன்னதற்கு 32, பிஜிபி சொன்னதற்கு 48 (இரண்டும் ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகள்), சிறிய எண் ஜெயிக்கும். லிங்க் போனால் ரூட்டை அழிக்காமல் 'டவுன்' என்று குறித்து வரிசையில் கீழே தள்ளிவிடும். அடுத்த முன்னுரிமையில் இருப்பது தானாக மேலே வரும். லிங்க் வந்தால் பழையபடி. லினக்ஸில் திருகாணி தேடித் திருக வேண்டியது அங்கே இயல்பாகவே இருக்கிறது.

விண்டோஸ் வேறு வழியில் யோசிக்கிறது. கேபிளைப் பிடுங்கினால் 'மீடியா டிஸ்கனெக்டட்' என்று சொல்லி, அந்தக் கார்டின் வரிகளை நடப்பு டேபிளிலிருந்து எடுத்துவிடும். ஆனால் ரூட் சேர்க்கும்போது 'பி' என்ற விருப்பத்தைக் கொடுத்திருந்தால் அது ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படும். டேபிளை அச்சிட்டால் அடியில் 'பெர்சிஸ்டென்ட் ரூட்ஸ்' என்று தனிப் பட்டியலாகத் தெரியும். கேபிள் திரும்பியதும் அங்கிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும். நடப்பு டேபிள் ஒன்று, விருப்பப் பட்டியல் ஒன்று என்று இரண்டையும் பிரித்து வைத்திருப்பது நேர்மையான ஏற்பாடு என்றே தோன்றுகிறது. லினக்ஸ் கெர்னலிடம் இருப்பது முதலாவது மட்டும்.

இரண்டாவதை லினக்ஸில் வெளியிலிருந்து யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் நெட்வொர்க்மேனேஜர், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி எல்லாம். இவை ஓடும் மெஷினில் மேலே நான் சொன்ன கேபிள் கதையே மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம். கேபிள் போய்ச் சில விநாடி பொறுத்து, நெட்வொர்க்மேனேஜரே அந்தக் கார்டின் முகவரி, ரூட் எல்லாவற்றையும் கழற்றிவிடும்; கேபிள் வந்தால் தன் ப்ரொஃபைலைப் பார்த்து மறுபடி மாட்டும். ப்ரொஃபைலில் இல்லாமல் கையால் போட்ட ரூட் அநாதை. நெட்வொர்க்டி இன்னும் கறாரானவர். தான் போடாத ரூட்டைக் கண்டால் இயல்பாகவே தூக்கி எறிந்துவிடுவார். 'மேனேஜ் ஃபாரின் ரூட்ஸ்' என்ற அமைப்பை 'நோ' என்று வைத்தால்தான் கையை வைக்க மாட்டார். கேபிள் போனாலும் அசையாமல் இரு என்று சொல்ல 'இக்னோர் கேரியர் லாஸ்' இருக்கிறது. என் சர்வரில் இந்த இருவருமே இல்லை, பழைய இஃப்அப்டவுன் மட்டும்தான். அது பூட் ஆகும்போது ஃபைலைப் படித்து முகவரி போட்டுவிட்டு ஒதுங்கிவிடும், கேபிளைக் கவனிக்காது. அதனால்தான் என் ரூட் அரை மணி நேரம் கேபிள் இல்லாமல் உயிரோடு இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் நம் கார்டுக்குத் தெரிந்த விபத்துகள். நடைமுறையில் அதிகம் நடப்பது கார்டுக்கே தெரியாதவை. சர்வருக்கும் கேட்வேக்கும் நடுவில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. கேட்வே செத்தாலும் ஸ்விட்ச் உயிரோடு இருப்பதால், நம் பக்கத்துப் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். கேரியர் உண்டு, ரூட் உண்டு, அடையாளம் எதுவுமில்லை, பாக்கெட் மட்டும் போய்ச் சேராது. ஒயர்கார்டு போன்ற டனல்களில் இது இன்னும் மோசம். அங்கே கேரியர் என்ற ஒன்றே இல்லை, எதிர்முனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்டர்ஃபேஸ் ஒரே முகத்தைத்தான் காட்டும்.

இது புதிய கவலை இல்லை. இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர்; டேவிட் கிளார்க் 1982-இல் எழுதிய ஆர்எஃப்சி 816 இதைப் பற்றியதுதான். 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1122, தன் கேட்வே செத்துவிட்டதை ஹோஸ்ட் (நம் மெஷின்) கண்டுபிடித்து வேறு கேட்வேக்கு மாறியே ஆக வேண்டும் என்கிறது. கூடவே, கேட்வேயை ஓயாமல் பிங் செய்து அதைக் கண்டுபிடிக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்கிறது. இன்று உலகத்தில் பாதிப் பேர் என்ன செய்கிறோம்? ஐந்து விநாடிக்கு ஒருமுறை கேட்வேயைப் பிங் செய்யும் ஸ்கிரிப்ட்தான். நானும் வைத்திருக்கிறேன். இருபுறமும் ஒத்துழைத்தால் பிஎஃப்டி என்ற நெறிமுறை உண்டு, ஆர்எஃப்சி 5880. விநாடிக்கும் குறைவான நேரத்தில் சாவைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் எதிரில் இருப்பவரும் பேச வேண்டுமே.

பிங் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒன்று மட்டும். பிங் எந்தக் கார்டு வழியாகப் போக வேண்டும் என்று கட்டிப்போடுங்கள். நான் முதலில் எழுதியபோது கேட்வேக்கு அப்பால் இருந்த ஒரு முகவரியைப் பிங் செய்தேன், கட்டிப்போடவில்லை. முதல் வழி செத்தது, ஸ்கிரிப்ட் ரூட்டை மாற்றியது. அடுத்த பிங் மாற்றுவழியிலேயே போய் வெற்றியோடு திரும்பியது. ஆஹா, வழி சரியாகிவிட்டது என்று ஸ்கிரிப்ட் பழைய ரூட்டைப் போட்டது. பிங் தோற்றது. மறுபடி மாற்றியது. ஒரு பிற்பகல் முழுக்க ரூட் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

பேக்கப் சர்வர் விஷயத்துக்கு வருகிறேன். ரூட்டை இஃப்அப்டவுன் ஃபைலில், பேக்கப்0 என்ற பெயரின் கீழ் எழுதினேன். இனி கார்டை இஃப்அப்டவுன் வழியாக டவுன், அப் செய்தால் ரூட் திரும்ப வந்துவிடும். அன்ரீச்சபிள் வரியை எந்தக் கார்டோடும் சேர்க்காமல் லூப்பேக்கின் (மெஷின் தன்னோடே பேசிக்கொள்ளும் பொய்க் கார்டு) கீழ் வைத்தேன். டவுன் செய்து பார்த்தேன், கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் எதிர்பார்த்தபடி.

மூன்று வாரம் கழித்துக் கெர்னல் அப்டேட்டுக்காக அந்த சர்வரை ரீபூட் செய்தார்கள். அன்றிரவு பேக்கப் தொடங்கிய அதே நிமிடத்தில் எனக்கு மெயில் வந்தது: 'நோ ரூட் டு ஹோஸ்ட்'. இந்தத் தடவை பாக்கெட் எங்கும் கசியவில்லை, அன்ரீச்சபிள் வரி வாசலில் நின்று தடுத்து, அந்தப் பிழையைச் சொல்லியிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தேன். பேக்கப்0 என்று எந்தக் கார்டும் இல்லை. ஈத்1 என்று ஒன்று இருந்தது, முகவரி இல்லாமல். பெயரையும் நான் அன்றிரவு கட்டளையில் மட்டும்தான் மாற்றியிருந்தேன்.